பட்ஜெட் வரி மாற்றம்: முந்திரிக் காட்டுக்கும் நெல் வயலுக்கும் அது வந்து சேரும் வழி

மத்திய அரசின் வரவு செலவுத் திட்டம் இப்போது ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் தேதி பாராளுமன்றத்தில் தாக்கல் செய்யப்படுகிறது. அன்று மாலையே ஊர்தோறும் பேச்சு தொடங்கிவிடும். சம்பளக்காரர் வருமான வரி பற்றிப் பேசுவார். கடைக்காரர் சரக்கு விலை பற்றிப் பேசுவார். கடலூர் மாவட்டத்தின் சிறு விவசாயி கேட்பது ஒரே கேள்விதான்: "இதனால் நமக்கு என்ன?"

இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வருமான வரி விதிப்பதில்லை. அரசியலமைப்புச் சட்டப்படி அந்த அதிகாரம் மாநிலங்களுக்கே உரியது. எனவே பட்ஜெட் வரி தன்னைத் தொடவில்லை என்று சிறு விவசாயி எண்ணிக்கொள்வது இயற்கையே. ஆனால் அது சரியன்று. வரி அவர் வீட்டுக்கு நேர்வழியாக வருவதில்லை. உரக்கடை வழியாகவும், டிராக்டர் வாடகை வழியாகவும், கொட்டை வாங்கும் வியாபாரி வழியாகவும், சர்க்கரை ஆலை வழியாகவும் வந்து சேருகிறது. இடையில் நிற்பவர் யார், அவர் கையில் எவ்வளவு தங்குகிறது என்று தெரிந்துகொண்டால்தான் எந்த வரி மாற்றத்தை வரவேற்பது, எதை எதிர்ப்பது என்று விவசாயி முடிவு செய்ய இயலும்.

கடலூர் மாவட்டம் இதை அறிய நல்ல இடம். வடக்கே பண்ருட்டிப் பக்கம் செம்மண் மேட்டில் முந்திரியும் பலாவும். தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணம் ஏரியும் கொள்ளிடமும் தண்ணீர் தரும் நெல் வயல்கள். முந்திரிக்காரருக்கு வரி அவர் விற்கும் பொருளின் விலையில் வந்து சேருகிறது. நெல் விவசாயிக்கு அது அவர் வாங்கும் பொருளின் விலையில் வந்து சேருகிறது.

பண்ருட்டி முந்திரியும் சுங்கத் தீர்வையும்

2016-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி சமர்ப்பித்த பட்ஜெட்டில் ஒரு சிறு மாற்றம் இருந்தது. அதுவரை வரி ஏதுமின்றி இறக்குமதியாகி வந்த ஓடு உடைக்காத முந்திரிக் கொட்டைக்கு 5 சதவீதம் சுங்கத் தீர்வை விதிக்கப்பட்டது. சென்னையில் இதைக் கவனித்தவர்கள் மிகச் சிலரே. பண்ருட்டியில் இது பெரிய செய்தி.

காரணம் இதுதான். நம் நாட்டு முந்திரி ஆலைகளுக்கு வேண்டிய கொட்டை முழுவதும் நம் நாட்டில் விளைவதில்லை. ஏறத்தாழப் பாதியளவு ஐவரி கோஸ்ட், தான்சானியா, கினி-பிசாவ், பெனின், கானா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் அந்தக் கொட்டை கொல்லத்துக்கும் பண்ருட்டிக்கும் போகிறது. உள்ளூர்க் கொட்டையின் விலையும் துறைமுகத்தில் இறங்கும் கொட்டையின் விலையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிற்பவை. வெளிநாட்டுக் கொட்டைக்கு வரி ஏறினால், உள்ளூர்க் கொட்டைக்குச் சற்றுக் கூடுதல் விலை கேட்க இடம் உண்டாகிறது.

அப்போதைய நிலையையும் நினைவில் கொள்ள வேண்டும். 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய 'தானே' புயல் முந்திரி, பலா மரங்களை வேரோடு சாய்த்துவிட்டது. பல ஆண்டுகளாகக் காய்த்து வந்த தோப்புகள் ஒரே நாளில் விறகாயின. புதிதாக நட்ட ஒட்டுக் கன்றுகள் மூன்றாம் ஆண்டு முதல் காய்க்கத் தொடங்கினாலும், நிறைந்த மகசூல் தர ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். 2016-ம் ஆண்டில் அந்த இளம் மரங்கள் அப்போதுதான் பலன் தரத் தொடங்கியிருந்தன. கடன் வாங்கிக் கன்று நட்டவருக்குக் கொட்டை விலை ஒரு ரூபாய் ஏறினாலும் அது மருந்து போன்றது.

ஒரே வீட்டில் இரண்டு கணக்கு

ஆனால் இதே தீர்வை ஆலை நடத்துவோருக்கு வேறு விதமாகப் பட்டது. மூலப்பொருள் விலை ஏறினால் பருப்பின் அடக்கவிலை ஏறும். வியட்நாம் பருப்புடன் உலகச் சந்தையில் போட்டியிட முடியாது என்பது அவர்கள் வாதம். கொல்லத்தில் பல ஆலைகள் மூடிக் கிடந்த காலம் அது. தீர்வையை அடியோடு நீக்க வேண்டும் என்று முந்திரித் தொழில் துறையினர் தொடர்ந்து கோரி வந்தனர்.

விவசாயி ஒரு பக்கம், ஆலைக்காரர் மறு பக்கம் என்று இதைப் பிரித்துவிடலாம் என்று தோன்றும். பண்ருட்டி வட்டாரத்தில் அப்படிப் பிரிக்க இயலாது. இங்கே கொட்டை உடைப்பது பெரிய ஆலைகளில் மட்டும் நடப்பதன்று. காடாம்புலியூர் போன்ற ஊர்களில் கொட்டையை வறுத்தோ வேகவைத்தோ உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்கும் வேலை குடிசைத் தொழிலாகவும் நடக்கிறது. அதில் பெரும்பங்கு பெண்களுடையது. உள்ளூர் அறுவடை கோடையில் சில மாதங்களே. மற்ற மாதங்களில் உடைப்பு வேலை நடப்பது பெரும்பாலும் வெளிநாட்டுக் கொட்டையைக் கொண்டுதான்.

ஆகவே ஒன்றரை ஏக்கர் முந்திரி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் கணவருக்குத் தீர்வை ஏறினால் நன்மை. உடைப்புக் கூலிக்குப் போகும் மனைவிக்குக் கொட்டை வரத்துக் குறைந்தால் வேலை நாள் குறையும். ஒரு கையில் வாங்கியது மறு கையில் போகலாம். பட்ஜெட்டுக்குப் பிறகு வரும் வரவேற்புக் குரலும் எதிர்ப்புக் குரலும் ஒரே ஊரிலிருந்து, சில சமயம் ஒரே வீட்டிலிருந்து எழுவதன் காரணம் இதுவே. எதிர்ப்போர் எல்லாரும் சுயநலக்காரர், ஆதரிப்போர் எல்லாரும் விவரம் அறியாதவர் என்று யாரையும் ஒதுக்கிவிடலாகாது.

தீர்வை மூட்டைக்கு எவ்வளவு?

எந்த வரியையும் சதவீதத்தில் பார்த்தால் மயக்கம் வரும். மூட்டைக் கணக்கில் பார்த்தால் தெளிவாகும். கொட்டை விலை கிலோ 100 ரூபாய் என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். 80 கிலோ மூட்டை 8,000 ரூபாய். 5 சதவீதத் தீர்வை என்பது மூட்டைக்கு 400 ரூபாய். இந்த 400 ரூபாயும் முழுதாக விவசாயிக்கு வந்துவிடாது. இடைத் தரகு, வியாபாரியின் லாபம் போக ஒரு பகுதியே வரும்.

இதே மூட்டையில் பருப்புக் கணக்கைப் பார்ப்போம். நூற்றுக்கு 26 கிலோ பருப்புத் தரும் கொட்டையானால் 80 கிலோ மூட்டையில் 20.8 கிலோ பருப்பு. நூற்றுக்கு 28 தரும் கொட்டையானால் 22.4 கிலோ. வித்தியாசம் 1.6 கிலோ. பருப்புக் கிலோ 600 ரூபாய் என்று கொண்டால் மூட்டைக்கு 960 ரூபாய். அதாவது பருப்பு விகிதம் இரண்டு புள்ளி கூடினால், 5 சதவீதத் தீர்வையைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட மதிப்பு கொட்டைக்குள்ளேயே இருக்கிறது.

இந்த மதிப்பைப் பெறுவது எப்படி? பழுத்துத் தானாக விழுந்த பழத்திலிருந்தே கொட்டையை எடுக்க வேண்டும். அவசரத்துக்குக் கிளையை உலுக்கி உதிர்த்த பிஞ்சுக் கொட்டையைக் கலக்கக் கூடாது. பழச் சதை ஒட்டாமல் திருகி எடுத்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். ஈரக் கொட்டையை மூட்டை கட்டினால் பருப்பு நிறம் மாறும். வியாபாரி ஈரத்துக்கென்று விலையைக் குறைப்பார். புதுத் தோப்பு போடுவோர் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் தந்த வி.ஆர்.ஐ.3 போன்ற ரகங்களின் ஒட்டுக் கன்றுகளை 7 மீட்டருக்கு 7 மீட்டர் இடைவெளியில் நடலாம். ஏக்கருக்கு ஏறத்தாழ 80 மரம் வரும்.

தீர்வை பாதியானபோது நடந்தது

2018-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி பட்ஜெட்டில் முந்திரித் தொழிலுக்கு உதவும் பொருட்டு இந்தத் தீர்வை 5 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மேலே சொன்ன கணக்கில் மூட்டைக்கு 200 ரூபாய் குறைவு. அதே ஆண்டில் உலகச் சந்தையிலும் கொட்டை விலை சரிந்தது. 2016, 2017 ஆண்டுகளில் ஏறியிருந்த விலை இறங்கியபோது, தீர்வையைக் குறைத்ததால்தான் விலை விழுந்தது என்று சொல்வது எளிது. தீர்வை மாற்றம் அதில் சிறு பங்கே. பெரிய பங்கு உலக விலையின் சரிவு. காரணத்தை இவ்வாறு பிரித்துப் பாராவிட்டால், கோரிக்கையும் தவறான இடத்தில் போய் நிற்கும்.

விவசாயிக்கும் ஆலைக்கும் ஒருங்கே பயன்படக்கூடிய வரி மாற்றம் 2019-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி பட்ஜெட்டில் வந்தது. இறக்குமதியாகும் முந்திரிப் பருப்பின் மீதான சுங்கத் தீர்வை 45 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்த்தப்பட்டது. கொட்டைக்குத் தீர்வை ஏற்றினால் உடைப்பவருக்குச் சுமை. உடைத்த பருப்புக்குத் தீர்வை ஏற்றினால் உள்ளூரில் உடைக்கும் வேலையும் காக்கப்படும், உள்ளூர்க் கொட்டைக்குத் தேவையும் இருக்கும். 'வரி வேண்டும்', 'வரி வேண்டாம்' என்று பொதுப்படச் சொல்வதைவிட, எந்தக் கட்டத்தில் வரி வேண்டும் என்று சொல்வதே பலன் தரும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வரி கட்ட வேண்டியவர் யார்?

முந்திரி விவசாயிகள் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஓடு உடைக்காத முந்திரிக் கொட்டைக்கு 5 சதவீத வரி உண்டு. ஆனால் விவசாயியிடமிருந்து பதிவு பெற்ற வியாபாரி வாங்கும்போது அந்த வரியை அரசுக்குச் செலுத்த வேண்டியவர் வாங்குபவரே. விற்கும் விவசாயி அல்லர். வாங்கும் வியாபாரி அதைப் பின்னர் தாம் செலுத்தும் வரியில் ஈடுகட்டிக்கொள்ளவும் வழி உண்டு. தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி ஜி.எஸ்.டி. பதிவு எண் பெற வேண்டிய கட்டாயமும் இல்லை. எனவே 'ஜி.எஸ்.டி. கழிவு' என்று துண்டுச் சீட்டில் எழுதி விலையில் பிடித்தம் செய்தால், அது எதற்காக என்று கேட்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அன்றைய விலையை விசாரித்துவிட்டுப் பேரம் பேசுவது நல்லது.

சிதம்பரம் நெல் வயலும் உர விலையும்

இனித் தெற்கே வருவோம். நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையை அரசு அறிவிக்கிறது. எனவே சிதம்பரம் பகுதி விவசாயியை வரி தொடுவது செலவுப் பக்கத்தில்தான். அதில் முதலாவது உரம்.

உர விலை பற்றிய பட்ஜெட் அறிவிப்புக்கு நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்புகளில் மிகப் பெரியது 1991-ம் ஆண்டில் எழுந்தது. அவ்வாண்டு ஜூலை 24-ந் தேதி நிதியமைச்சர் மன்மோகன் சிங் தாக்கல் செய்த பட்ஜெட்டில் உர விலை சராசரியாக 40 சதவீதம் உயர்த்தப்பட்டது. இது வரியன்று, மானியக் குறைப்பு. ஆயினும் விவசாயியின் மடியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. எதிர்க்கட்சிகள் மட்டுமன்றி ஆளும் கட்சி உறுப்பினர்களும் எதிர்த்தனர். சில நாட்களிலேயே உயர்வு 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சிறு, குறு விவசாயிகளுக்கு உயர்விலிருந்து விலக்கும் அறிவிக்கப்பட்டது. குரல் எழுப்பினால் பட்ஜெட்டும் மாறும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

ஆனால் அடுத்த ஆண்டு நடந்ததையும் மறக்கக் கூடாது. 1992-ம் ஆண்டு ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் மீதிருந்த விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. டி.ஏ.பி., பொட்டாஷ் விலை வெகுவாக ஏறியது. யூரியா விலையோ 10 சதவீதம் குறைக்கப்பட்டது. விளைவாக விவசாயிகள் மலிவான யூரியாவை அதிகம் இட்டனர். மணியும் சாம்பலும் குறைந்தன. மண்ணில் சத்துச் சமநிலை கெட்டது. யூரியா விலைக்காக எழுந்த அளவுக்கு மண்ணுக்காகக் குரல் எழவில்லை. மலிவாகக் கிடைப்பதெல்லாம் லாபமாகாது என்பதே அதன் பாடம்.

அடுத்த பெரிய கட்டம் 2017-ம் ஆண்டு. ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது, முதலில் உரத்துக்கு 12 சதவீத வரி என்று முடிவு செய்யப்பட்டிருந்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. வரி அமலுக்கு வருவதற்கு முதல் நாள், அதாவது ஜூன் 30-ந் தேதி, ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி அதை 5 சதவீதமாகக் குறைத்தது. அன்றே டிராக்டரின் தனி உதிரி பாகங்களுக்கான வரியும் 28-லிருந்து 18 சதவீதமானது.

அந்த 7 சதவீத வித்தியாசம் ஒரு ஏக்கருக்கு எவ்வளவு? மத்திய, நீண்டகால நெல் ரகங்களுக்குப் பொதுப் பரிந்துரை எக்டருக்குத் தழை 150, மணி 50, சாம்பல் 50 கிலோ. ஏக்கருக்கு முறையே 60, 20, 20 கிலோ. இதற்கு வேண்டியது டி.ஏ.பி. 43.5 கிலோ, யூரியா 45 கிலோ மூட்டை இரண்டரை, பொட்டாஷ் 33 கிலோ. 2025-ம் ஆண்டு விலையில் யூரியா மூட்டை ரூ.266.50 வீதம் ரூ.666, டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை ரூ.1,350 வீதம் ரூ.1,175, பொட்டாஷ் கிலோ 30 ரூபாய் என்று கொண்டால் ரூ.990. மொத்தம் ரூ.2,831. இதற்குள் 5 சதவீத வரி ரூ.135 அடங்கியுள்ளது. 12 சதவீதமாக இருந்தால் ரூ.324 ஆகியிருக்கும். ஆகவே 2017-ம் ஆண்டு எழுந்த குரல் இன்றைய விலையில் ஏக்கருக்கு ஏறத்தாழ 190 ரூபாயைக் காத்துத் தருகிறது. மூன்று ஏக்கர்காரருக்கு ஒவ்வொரு போகத்துக்கும் 570 ரூபாய். சிறு தொகைதான், ஆனால் ஒவ்வொரு போகமும் மிச்சமாகும் தொகை.

வரி இல்லாத வழிகள்

உர வரியைக் குறைக்கச் சொல்வது அரசிடம். உரத்தின் வீணைக் குறைப்பது விவசாயியிடம். யூரியாவை அளவுக்கு மேல் இட்டால் பயிர் கரும்பச்சையாகக் கொழிக்கும். பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் குலை நோய்க்கும் அது விருந்தாகும். பிறகு மருந்து வாங்க வேண்டும். ரசாயனப் பூச்சி மருந்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 5 சதவீத வரி கட்டி வாங்கிய யூரியா, 18 சதவீத வரி கட்டி மருந்து வாங்க வைக்கிறது.

இதைத் தவிர்க்க இலை வண்ண அட்டை உதவும். நடவு செய்த 14-ம் நாள் முதல், 7 முதல் 10 நாட்களுக்கு ஒரு முறை இலையின் நிறத்தை அட்டையுடன் ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே நிறம் குறைந்தால் மட்டும் தழைச்சத்து இட வேண்டும். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு வளர்த்து மடக்கி உழுதால் தழைச்சத்து வயலிலேயே கிடைக்கும். அதற்கு எந்த வரியும் இல்லை. மண் பரிசோதனை அட்டைப்படி உரமிட்டால் தேவையற்ற மூட்டைகளைத் தவிர்க்கலாம்.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றப்பட்டன. துத்தநாக சல்பேட் போன்ற நுண்ணூட்ட உரங்கள், சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா, வேம்பு சார்ந்த உயிரியல் மருந்துகள் ஆகியவற்றின் வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. விதை நேர்த்திக்குக் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் போதும். வாங்கும்போது பில் கேட்டு, அதில் வரி 5 சதவீதம் என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். பில் கேட்காதவருக்கு வரிக் குறைப்பு வந்து சேர்ந்ததா என்று தெரியவே தெரியாது.

டீசலும் டிராக்டர் வாடகையும்

2021-ம் ஆண்டு பிப்ரவரி பட்ஜெட்டில் 'வேளாண் கட்டமைப்பு, மேம்பாட்டு செஸ்' என்ற புதிய தீர்வை அறிவிக்கப்பட்டது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு ரூ.2.50, டீசலுக்கு ரூ.4. விவசாயத்தின் பெயரால் டீசல் விலை ஏறப்போகிறது என்று பலரும் அஞ்சினர். ஆனால் வேறு எக்சைஸ் வரிகள் அதே அளவுக்குக் குறைக்கப்பட்டதால் பம்பில் விலை அதனால் ஏறவில்லை. மாறியது வரியின் பெயரும் பணம் போய்ச் சேரும் இடமும்தான். செஸ் வகையில் வரும் பணத்தை மத்திய அரசு மாநிலங்களுடன் பங்கிட வேண்டியதில்லை. தலைப்பை மட்டும் படித்து அஞ்சவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம் என்பதற்கு இது சான்று.

டீசல் மீதான எக்சைஸ் வரி 2020-ம் ஆண்டு மே மாதம் லிட்டருக்கு 13 ரூபாய் ஏற்றப்பட்டது. 2021 நவம்பரில் 10 ரூபாயும், 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைக்கப்பட்டது. இவற்றில் எதுவும் பட்ஜெட் நாளில் நடந்ததல்ல. மணிக்கு 5 லிட்டர் டீசல் செலவாகிறது என்று கொண்டால், 10 ரூபாய் குறைவு என்பது உழவு மணிக்கு 50 ரூபாய். அந்த 50 ரூபாய் வாடகையில் குறைந்ததா? டீசல் ஏறினால் மறுநாளே வாடகை ஏறும். இறங்கினால் இறங்குவது அரிது. கேட்டால்தான் இறங்கும், நாலு பேர் சேர்ந்து கேட்டால் விரைவில் இறங்கும்.

2025 செப்டம்பர் மாற்றத்தில் விவசாய டிராக்டருக்கும் பவர் டில்லர், அறுவடை, கதிரடி இயந்திரங்களுக்கும் வரி 12-லிருந்து 5 சதவீதமானது. வரி நீங்கலாக 6 லட்சம் ரூபாய் விலையுள்ள டிராக்டருக்கு வரி 72,000 ரூபாயிலிருந்து 30,000 ரூபாயாகக் குறைகிறது. 42,000 ரூபாய் மிச்சம், டிராக்டர் வாங்குபவருக்கு. ஒன்றிரண்டு ஏக்கர்காரர் டிராக்டர் வாங்குவதில்லை; வாடகைக்குத்தான் எடுக்கிறார். அவருக்கு இந்தச் சலுகை வாடகை வழியாகவே வர வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை நிர்ணயித்த வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலி மூலமும் பதிவு செய்யலாம். அந்த வாடகையைத் தெரிந்து வைத்துக்கொண்டு தனியாரிடம் பேசினால் பேரம் வலுப்பெறும்.

கரும்பும் மணிலாவும்

நெல்லிக்குப்பத்திலும் சேத்தியாத்தோப்பிலும் சர்க்கரை ஆலைகள் இருப்பதால் கரும்பு விவசாயிகளும் பட்ஜெட்டைக் கவனிக்கின்றனர். 2023-ம் ஆண்டு பட்ஜெட்டில் கூட்டுறவு ஆலைகளுக்கு ஒரு சலுகை வந்தது. 2016-17 மதிப்பீட்டு ஆண்டுக்கு முன் கரும்பு விவசாயிகளுக்குக் கொடுத்த தொகையைச் செலவாகக் கணக்குக் காட்டலாம் என்று அனுமதிக்கப்பட்டது. நிர்ணய விலைக்கு மேல் கொடுத்ததை 'லாபப் பங்கீடு' என்று கருதி வருமான வரி கேட்டதால் நீடித்த வழக்குகளுக்கு அது முடிவு கட்டியது. நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய் நிவாரணம் என்று நிதியமைச்சர் கூறினார். விவசாயிக்கு நல்ல விலை கொடுத்த ஆலையைத் தண்டிக்கும் நிலை நீங்கியது நல்லதே. எனினும் அது ஆலையின் கணக்கில் சேருவது. கரும்புப் பணம் உரிய காலத்தில் கைக்கு வருவதற்கு வேறு முயற்சி வேண்டும்.

விருத்தாசலம் பகுதி மணிலா விவசாயிகள் கவனிக்க வேண்டியது சமையல் எண்ணெய் மீதான சுங்கத் தீர்வை. 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மொத்தத் தீர்வை 5.5-லிருந்து 27.5 சதவீதமாக உயர்ந்தது. 2025 மே இறுதியில் 16.5 சதவீதமாகக் குறைந்தது. இரண்டுமே பட்ஜெட்டுக்கு வெளியே வந்த அறிவிப்புகள். மலிவான எண்ணெய் வெளியிலிருந்து நிறைய வந்தால் மணிலா விலைக்கு அது பாரம். ஆகவே விதைப்புக்கு முன்னும் விற்பனைக்கு முன்னும் தீர்வை நிலவரத்தை அறிந்துகொள்வது நல்லது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. பட்ஜெட் செய்தி வந்ததும் மூன்று கேள்வி கேட்கவும்: நான் வாங்கும் பொருளுக்கா, விற்கும் பொருளுக்கா, எனக்கும் சந்தைக்கும் இடையில் நிற்பவருக்கா இந்த மாற்றம்?

2. சதவீதத்தை மூட்டைக் கணக்காகவும் ஏக்கர் கணக்காகவும் மாற்றிப் பார்க்கவும். பத்து நிமிட வேலை; பல வதந்திகள் அதிலேயே அடங்கிவிடும்.

3. உரம், மருந்து, நுண்ணூட்டம், உதிரி பாகம் எதை வாங்கினாலும் பில் வாங்கவும். பழைய பில்லையும் பத்திரப்படுத்தவும். விலை இறங்கியதா என்பதற்கு அதுவே சாட்சி.

4. ஜி.எஸ்.டி. விகிதத்தை முடிவு செய்வது மாநில அமைச்சர்களும் அங்கம் வகிக்கும் கவுன்சில். சுங்கத் தீர்வையும் எக்சைஸ் வரியும் மத்திய அரசின் கையில். கோரிக்கையை உரிய இடத்துக்கு அனுப்பவும்.

5. பட்ஜெட்டுக்கு முன்பே மத்திய நிதியமைச்சகம் விவசாய அமைப்புகளுடன் ஆலோசனை நடத்துகிறது. தாக்கலான பிறகு திருத்துவதைவிட, தாக்கலாகும் முன் சொல்வது எளிது. மாவட்டத்தில் மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் வாயிலாக, கணக்கோடு எழுதிக் கொடுக்கவும்.

6. முந்திரி விவசாயிகள் கோரிக்கை வைக்கும்போது, கொட்டை உடைக்கும் பெண்களையும் கலந்து பேசவும். வீட்டுக்குள் ஒத்துப்போகாத கோரிக்கை டில்லியில் எடுபடாது.

1991-ம் ஆண்டும் 2017-ம் ஆண்டும் காட்டியபடி, விவசாயிகளின் குரலுக்கு வரியையும் விலையையும் மாற்றும் வலிமை உண்டு. அந்தக் குரலுடன் மூட்டைக் கணக்கும் சேர்ந்து போனால் அதை மறுத்துப் பேசுவது எவருக்கும் கடினம். அடுத்த பட்ஜெட்டுக்கு முன் ஒவ்வொரு கிராமத்திலும் பத்து விவசாயிகளாவது தங்கள் சாகுபடிச் செலவில் வரி எவ்வளவு என்று எழுதி வைப்பார்களானால், "இதனால் நமக்கு என்ன?" என்பதற்குப் பதிலை அவர்களே சொல்லிவிடலாம்.